ரோட்டுப் பக்கக் காது

தாடையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, சைக்கிளுக்கு அடியில் சிக்கிக் கிடந்தவளிடம் முதலில் ஓடிவந்த ஆள் கேட்ட கேள்வி இது: "பாட்டு கேட்டுக்கிட்டா வந்தீங்க?"

அடி பட்டதா என்று கேட்கவில்லை. எழுந்திருக்க முடியுமா என்றும் கேட்கவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் கார்க் கதவைத் திறந்து அவளைத் தள்ளிவிட்ட மனிதரோ, கதவின் கீல் வளைந்துவிட்டதே என்று அதைத் தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுடைய இடது காதிலிருந்து ஒரு சின்ன இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அது போதாதா? தீர்ப்பு அங்கேயே எழுதியாகிவிட்டது.

தாடைக்கு நாலு தையல் போட்ட நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டாள், "பாட்டு கேட்டீங்களாக்கும்?" மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தவர், "கையை அசைக்காதீங்க" என்பதற்கும் "மூச்சை விடுங்க" என்பதற்கும் நடுவே அதையே கேட்டார். மாடி வீட்டுக்காரி படியிறங்கி வந்து, "நான் அப்பவே நினைச்சேன்" என்றாள். எப்போது நினைத்தாளோ, நினைத்ததை யாரிடம் சொன்னாளோ!

இதெல்லாம் போகட்டும். கட்டிய புருஷன், தையற்காரர், ஒரு ஊக்கு குத்தினால்கூடப் பதறுகிறவர், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிவந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்த கேள்வி என்ன தெரியுமா?

"காதுல அது மாட்டியிருந்தியா?"

"ஏங்க, நீங்களுமா?" என்றாள் அவள். தையல் இழுத்ததில் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. திறக்க முடிந்திருந்தால் தெருவே கேட்டிருக்கும்.

அவள் செய்கிற வேலையைச் சொன்னால்தான் அந்தக் கோபத்தின் நியாயம் புரியும்.

மின்விசிறித் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக அவளுக்குக் கேட்கிற வேலை. பஞ்சு மெத்தை போல நான்கு சுவரிலும் நுரை ஒட்டிய ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு இரும்புத் தாங்கி. விசிறியை அதில் மாட்டி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருபது விநாடி கேட்பாள். பேரிங்கில் மணல் அளவு கரகரப்பு இருந்தாலும், மோட்டாரின் கம்பிச் சுருள் லேசாக உறுமினாலும், தெரிந்துவிடும். நல்லதென்றால் பச்சைக் கிரேயானில் ஒரு டிக். கெட்டதென்றால் சிவப்புக் கிரேயானில் ஒரு பெருக்கல் குறி. கீழே அவளுடைய எண், ஏழு. தொழிற்சாலையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள், பிறகு மரியாதையாகிவிட்டது.

ஒருமுறை லாரி காத்து நிற்கிறதென்று முதலாளியம்மாவே ஒரு வரிசை விசிறிகளில் இருந்த சிவப்புக் குறிகளைத் துணியால் துடைத்து அனுப்பிவிட்டார். அத்தனையும் பத்து நாளில் உறுமிக்கொண்டே திரும்பி வந்தன. அன்றைக்கு அந்த அம்மாள் ஒரு சட்டம் போட்டார்: பாம்புக்காது போட்ட பெருக்கலைப் பாம்புக்காதுதான் அழிக்கலாம். குறையைச் சரிசெய்து, மறுபடி அவளிடம் கொண்டுவந்து, அவள் கேட்டு அழித்தால்தான் உண்டு. முதலாளியானாலும் தொடக் கூடாது.

சரி, பாட்டுக்கு வருவோம். தினமும் காலையில் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு முக்கால் மணி நேர சைக்கிள் சவாரி. அவள் கேட்பது ஒரே ஒரு பாட்டு. பதினாறு வருஷமாக அதே பாட்டு, அதே அளவு சத்தத்தில். கிடங்குச் சுவரை ஒட்டிய நீளமான ரோட்டில் திரும்பியதும் போடுவாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தப் பாடகி ஒரு மூச்சு இழுப்பார். நூல் அறுகிற மாதிரி அவ்வளவு மெல்லிய மூச்சு. அது கேட்டால் இன்றைக்குக் காது சுத்தம். கேட்காவிட்டால் ஜலதோஷம் காதில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் போனதுமே, "இன்னைக்கு நான் பாஸ் பண்ணினதை இன்னொரு ஆள் கேட்கட்டும்" என்று சொல்லிவிடுவாள். தராசு வைத்திருப்பவர்கள் காலையில் தராசைச் சரிபார்ப்பதில்லையா, அதைப் போலத்தான்.

அதையும் இடது காதில் மட்டும்தான் மாட்டுவாள். வலது காது ரோட்டுப் பக்கக் காது. அதை அடைக்கவே மாட்டாள். பின்னால் வருவது லாரியா, ஸ்கூட்டரா, அதன் செயின் தொளதொளவென்று இருக்கிறதா என்பது வரைக்கும் அதற்குத் தெரியும்.

இப்படிப்பட்டவளைப் பார்த்து, "கவனமில்லாம பாட்டு கேட்டுக்கிட்டு வந்தா" என்றால் வயிறு எரியுமா எரியாதா?

கதவைத் திறந்த மனிதர் யாரோ எவரோ அல்ல. அவளுடைய தொழிற்சாலையின் விற்பனை மேலாளர். முதலாளியம்மாவின் அக்கா மகன். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும் என்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் சென்ட். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ரோட்டோரம் காரை நிறுத்தி, டீ வாங்க இறங்கும்போதுதான் இந்தக் கூத்து. கதவு மூடாத காரை ஓட்ட முடியவில்லை. காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தள்ளி முற்றத்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இவளுடைய சைக்கிளின் முன்சக்கரம் எட்டு போல வளைந்து போனது. அதை மூட யாரும் தார்ப்பாய் தேடவில்லை.

மூன்றாம் நாள் பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். வாசித்தாள்.

'இயர்போனில் பாட்டுக் கேட்டபடி சைக்கிள் ஓட்டி விபத்துக்குள்ளானதால், காதை நம்பிச் செய்யும் பணிக்குரிய கவனம் இல்லாதவர் எனத் தெரிகிறது. வரும் திங்கள் முதல் பரிசோதனை அறையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமைக்குள் நேரில் தெரிவிக்கலாம்.'

"இதை யாரு எழுதினது?"

"நான்தாம்மா. ஆனா மேலாளர் சொன்னதைத்தான் எழுதினேன். மூணு தடவை ஹார்ன் அடிச்சாராம். கண்ணாடியில பார்த்துட்டுத்தான் திறந்தாராம். வண்டியில எந்தச் சத்தமும் இல்லையாம். உங்களுக்குத்தான் கேக்கலையாம்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

அதிகாரி பைக்கு ஜிப் போட்டார். "வாசல்ல நோட்டீஸும் ஒட்டியாச்சும்மா. சைக்கிள்ல வர்றவங்க யாரும் இனிமே பாட்டு கேக்கக் கூடாது. உங்களால மத்தவங்களுக்கும் ஒரு பாடம்."

பாடமாம்! குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதையாக இருந்தது. அவர் போன பிறகு தையற்காரர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"பேக்கிங்கும் வேலைதானேம்மா. சம்பளம் ஒண்ணுதான். பெரிய இடத்துப் பிள்ளை. எதுக்கு வம்பு, விட்டுடேன்."

"உங்க கத்தரியைப் பிடுங்கிட்டு, துணி மட்டும் மடிச்சு வை, அதே கூலி தர்றேன்னா விட்டுடுவீங்களா?"

தையற்காரர் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "சனிக்கிழமை நானும் வரேன். சைக்கிள் பின்னாடி உட்காரு" என்றார்.

சனிக்கிழமை முதலாளியம்மாவின் அறையில் நாற்காலி நாலுதான் இருந்தது. முதலாளியம்மா, சென்ட், அதிகாரி உட்கார்ந்தார்கள். நாலாவதில் சென்டின் பை உட்கார்ந்திருந்தது. தாடையில் தையலும் கழுத்தில் தொங்கும் கையுமாக வந்தவளைப் பார்த்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. தையற்காரர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். முதலாளியம்மா அறுபது வயதிலும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே நடப்பவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"பையை எடுடா" என்றார் அக்கா மகனைப் பார்த்து. "உட்காரும்மா. ஒரே கேள்வி. பாட்டு கேட்டியா இல்லையா?"

"கேட்டேம்மா" என்றாள் அவள்.

சென்ட் சிரித்தார். "அவ்வளவுதான் மேடம். ஒத்துக்கிட்டாங்க. வேற என்ன விசாரணை?"

"நான் கேட்டேன், மறைக்கல. ஒரு காதுல கேட்டேன், மெதுவா கேட்டேன். தினமும் கேக்கறேன். எதுக்குன்னு அம்மாவுக்கே தெரியும்." "சார் கேட்ட பாட்டைப் பத்தி யாரும் ஏன் கேக்கல?"

"நான் எந்தப் பாட்டும் கேக்கல."

"கேட்டீங்க சார். நாலு கண்ணாடியையும் ஏத்திவிட்டு, கார் தகரமெல்லாம் அதிரற மாதிரி கேட்டீங்க. அடைச்ச காதுப் பக்கம்தான் உங்க கார் நின்னுது. அப்படியும் எனக்குக் கேட்டுச்சு. பாட்டு ஓடுதே, உள்ள ஆள் இருக்கும், இறங்கினாலும் இறங்குவாங்கன்னு நான் ஒரு முழம் தள்ளித்தான் வந்தேன். அந்த ஒரு முழத்தாலதான் கைப்பிடியில அடிச்சுது. இல்லேன்னா மண்டையில அடிச்சிருக்கும்."

"கதை நல்லா இருக்கு" என்றார் சென்ட்.

"கதையா? ஆணும் பெண்ணும் பாடற பழைய பாட்டு. நடுவுல அந்தப் பாடகி ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு ஆரம்பிச்சப்ப நீங்க இன்ஜினை அணைச்சீங்க. சிரிப்பு பாதியில அறுந்துச்சு. அடுத்த நொடி கதவு. ஹார்ன் அடிக்கல. ஒரு தடவைகூட அடிக்கல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. உங்க பக்கத்துக் கதவுல இருக்கற ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. மேளம் விழும்போதெல்லாம் 'பர்ர்'னு அடிக்குது. பின்னாடி இருக்கறது ரெண்டும் நல்லா இருக்கு."

சென்டின் கை அவருடைய சட்டைக் காலருக்குப் போனது.

"சும்மா அடிச்சு விடறாங்க. ஆதாரம் இருக்கா?"

"வண்டி கீழதானே நிக்குது" என்றாள் அவள்.

முதலாளியம்மா எழுந்துவிட்டார். "அன்னையிலிருந்து வண்டியை யாராவது கிளப்பினீங்களா?" என்று ஜன்னல் வழியாகவே கத்திக் கேட்டார்.

"இல்லைங்கம்மா. தள்ளிக் கொண்டுவந்து போட்டதுதான். சாவி என்கிட்டதான் இருக்கு" என்று கீழேயிருந்து காவலாளி பதில் சொன்னான்.

"சித்தி, இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்றார் சென்ட். அலுவலகத்தில் மேடம் என்று மட்டுமே கூப்பிடுகிறவர் வாயில் சித்தி வந்ததுமே முதலாளியம்மாவுக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளை நேரம். முற்றத்தில் டப்பாவும் கையுமாக நூறு பேர் நின்றிருந்தார்கள். காவலாளி தார்ப்பாயை இழுத்தான். கோணலாகத் தொங்கிய கதவின் வழியாகக் கையை நீட்டி, சாவியைப் போட்டுத் திருப்பினான்.

சிரிப்பு வந்தது.

பாதியில் அறுந்த சிரிப்பின் மீதிப் பாதி. அஞ்சு நாளாகத் தார்ப்பாய்க்குள் அடைபட்டிருந்த அந்தப் பாடகியின் சிரிப்பு, முற்றம் முழுக்க, சுவருக்குச் சுவர் மோதி, கலகலவென்று வந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனை சத்தம்! உடனே மேளம் விழுந்தது. கோணல் கதவிலிருந்து, 'பர்ர்' என்று ஒரு சத்தம், கிழிந்த ஸ்பீக்கர். மறுபடி மேளம். மறுபடி 'பர்ர்'.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு முற்றமே சிரித்தது. சாப்பாட்டு டப்பாவைத் தட்டித் தாளம் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வாசனை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது, அதுவும் கோபத்தில். உண்மையைச் சொல்வதற்கு ஒரு மனுஷிக்குப் பாம்புக்காது வேண்டியிருக்கிறதே! அந்தக் காது இல்லாத ஒருத்தி அன்றைக்கு விழுந்திருந்தால்? வெறுமனே, "நான் ஒழுங்காத்தான் வந்தேன்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒருத்தி?

"அணைடா அதை" என்றார் முதலாளியம்மா. பிறகு அதிகாரியைப் பார்த்தார். "அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. திங்கக்கிழமை இந்தப் பொண்ணு அவ அறையிலதான் உட்காருவா. அறிக்கையை மாத்தி எழுதுங்க."

அதிகாரி படிவத்தை எடுத்தார், பேனாவை எடுத்தார், எழுதாமல் நின்றார். "மேடம், விபத்துக்குக் காரணம்னு இதுல அச்சடிச்சு இருக்கறது ஏழுதான். குடிபோதை, தூக்கம், மழை, பாட்டு கேட்டது, போன் பேசியது, வேகம், சைக்கிள் பழுது. கதவைப் பார்க்காம திறந்ததுன்னு ஒண்ணு இல்லையே. எதுல டிக் பண்றது?"

"பேனா இருக்கில்ல?" என்றாள் அவள். "எட்டாவதா எழுதுங்க. எழுதி, சார் கையெழுத்து வாங்குங்க."

சென்ட் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு இயந்திரங்கள் பக்கம் நடந்துவிட்டார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காரின் முன்பக்க மூடியின் மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார் அவர். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளை, ஸ்பீக்கர் கிழிஞ்சதைச் சொன்னீங்க. வாரன்டி முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு."

மன்னிப்பு? ம்ஹூம். மூச்சு விடவில்லை.

தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை வெளியே கூட்டிப் போனார். வாசலில் அவள் நின்றாள். நோட்டீஸ் அங்கேயே இருந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, பெரிய எழுத்தில், 'சைக்கிளில் வருவோர் பாட்டுக் கேட்பது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.' கடிதம் கிழிந்துவிட்டது, அறை திரும்பக் கிடைத்துவிட்டது, இது மட்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வாம்மா, போகலாம். ஜெயிச்சாச்சுல்ல?" என்றார் தையற்காரர்.

"யாரு ஜெயிச்சது?"

நல்ல கையால் பைக்குள் துழாவினாள். சிவப்புக் கிரேயான் அடியில் கிடந்தது. நோட்டீஸின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு. அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு இன்னொரு கோடு. கீழே, ஏழு.

திங்கட்கிழமை காலை அதிகாரி துணியும் மண்ணெண்ணெயுமாக வாசலுக்கு வந்தார். காவலாளி குறுக்கே நின்றான். "தொடாதீங்க சார். அவங்க போட்ட பெருக்கலை அவங்கதான் அழிக்கணும். முதலாளியம்மா போட்ட சட்டம். குறையைச் சரிசெஞ்சு எடுத்துட்டு வாங்க."

அதிகாரி முதலாளியம்மாவிடம் போனார். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவன் சொல்றது சரிதானே. கதவைத் திறந்தவனையே எழுதச் சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை புது நோட்டீஸ் வந்தது. 'சாலையில் அனைவரும் கவனமாக இருப்போம்.' அவள் நின்று வாசித்தாள். அனைவருமாம்! குற்றத்தைக் கூறு போட்டு ஊருக்கே பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு துளிகூட வராது. சிவப்பை எடுத்தாள். பெருக்கல். ஏழு.

வெள்ளிக்கிழமை காலை அவள் தையற்காரரின் சைக்கிள் பின்னாலிருந்து இறங்கும்போது, வாசலில் வாசனை அடித்தது. சென்ட் நின்றிருந்தார். ஒரு கையில் பசைக் கிண்ணம், மறு கையில் பிரஷ், சட்டைக் கையில் பசை. மூன்றாவது நோட்டீஸை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தார். ஷிப்டுக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

'வண்டியின் கதவைத் திறக்கும் முன் திரும்பிப் பார்க்கவும். யாராவது வந்தால், அவர் கடந்து போகும் வரை உள்ளேயே காத்திருக்கவும்.'

அவள் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். விசிறிக்குக் கொடுக்கிற அதே இருபது விநாடியைக் கொடுத்தாள். சென்ட் பிரஷ்ஷை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இது சரியாங்க?" என்று கேட்டார்.

அவள் பையைத் திறந்தாள். பச்சையை எடுத்து ஒரு டிக் போட்டு, கீழே ஏழு என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.